தாழ்ப்பாளில் நின்ற கை – திரைப்பட எடிட்டர் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மாணவர்களுடையவை. ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே விஷயம்: வகுப்புக்காக ஒரு த்ரில்லர் படத்தின் ஆரம்பக் காட்சியை மட்டும் இரண்டு நிமிடத்துக்கு எடுத்திருக்கிறார்கள். இப்போது அதைத் திரும்பிப் பார்த்து ஒரு கட்டுரை எழுத வேண்டுமாம். படம் எடுத்ததைவிட இதுதான் கஷ்டமாக இருக்கிறது என்கிறார்கள். அதனால் இந்த முறை என் பக்கம் முழுக்க அவர்களுக்கே.

வணக்கம் அக்கா. நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு த்ரில்லர் ஓப்பனிங் எடுத்தோம். ஆளில்லாத கட்டடத்துக்குள் ஒரு பெண் நடந்து போகிறாள், யாரோ பின்தொடர்கிறார்கள், கடைசியில் கத்தி, அலறல், இருட்டு. வகுப்பில் போட்டபோது யாரும் பயப்படவில்லை. கத்தி வரும் இடத்தில் சிரித்துவிட்டார்கள். வீடியோவை அனுப்பியிருக்கிறேன். எங்கே தப்பு?
– ஒரு கல்லூரி மாணவர்

தம்பி, நான்கு முறை பார்த்தேன். முதல் முறை ரசிகையாக. இரண்டாம் முறை சத்தத்தை அணைத்துவிட்டு. மூன்றாம் முறை திரையைப் பார்க்காமல் காதால் மட்டும். நான்காம் முறை காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு ஷாட்டுகளை எண்ணினேன். 120 விநாடியில் 48 ஷாட். சராசரியாக ஒன்றுக்கு இரண்டரை விநாடி.

முதலில் நல்லதைச் சொல்கிறேன், ஏனென்றால் அது உங்கள் கண்ணில் படவில்லை என்று நினைக்கிறேன். 41ஆவது விநாடியில் அந்தப் பெண் ஒரு கதவின் தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். வைத்த கை இழுக்கவில்லை. சுண்டுவிரல் மட்டும் லேசாக மேலே எழும்புகிறது, இரும்பு சில்லென்று இருந்ததுபோல. நடித்தவருக்கே தெரியாமல் நடந்ததாகக்கூட இருக்கலாம். மொத்த இரண்டு நிமிடத்தில் எனக்கு வயிற்றைப் பிசைந்த இடம் அது ஒன்றுதான். அது ஒரு விநாடிகூட நிற்கவில்லை. வெட்டிவிட்டுக் கால்களைக் காட்டுகிறீர்கள். அடுத்து முகம். அடுத்து சுவர். மறுபடியும் கால்.

வேகமாக வெட்டினால் படபடப்பு வரும் என்று நினைத்திருப்பீர்கள். துரத்தல் நடக்கும்போது வரும், உண்மைதான். ஆனால் இங்கே இன்னும் எதுவும் நடக்கவில்லை. நடக்கப்போகிறது என்று பார்ப்பவர் காத்திருக்க வேண்டிய நேரம் இது. அவர் காத்திருக்க வேண்டுமென்றால் ஷாட் நிற்க வேண்டும். அந்தக் கை நான்கு, ஐந்து விநாடி தாழ்ப்பாளிலேயே இருந்தால், ‘திறக்காதேம்மா’ என்று மனசுக்குள் சொல்லத் தொடங்கிவிடுவார். அதைச் சொல்ல நீங்கள் அவருக்கு நேரமே தரவில்லை.

இனி அந்தச் சிரிப்புக்கு வருகிறேன். கத்தியைக் காட்டுவதற்கு 12 விநாடி முன்பே, சுவரில் விழும் நிழலில் கத்தி நன்றாகத் தெரிகிறது. பார்ப்பவருக்கு விஷயம் தெரிந்துபோயிற்று. அதற்குப் பிறகும் நீங்கள் அதை ரகசியமாகவே வைத்திருந்து, கடைசியில் பெரிய இசையோடு ‘இதோ பார்’ என்று காட்டுகிறீர்கள். சிரித்தவர்கள் உங்களைக் கேலி செய்யவில்லை தம்பி. அவர்கள் 12 விநாடி முன்னாலேயே அங்கே போய், உங்களுக்காக உட்கார்ந்திருந்தார்கள்.

1962ல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ கேட்கக் கேட்க, த்ரில்லர் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஹிட்ச்காக் தன் தொழிலைப் பற்றி நாள்கணக்கில் பேசினார். அதில் அவர் சொன்ன மேஜைக் குண்டு உதாரணத்தை நீங்கள் வகுப்பில் கேட்டிருப்பீர்கள். இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும் மேஜைக்கு அடியில், யாருக்கும் தெரியாமல் இருந்த குண்டு வெடித்தால் 15 விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பதும் எத்தனை மணிக்கு வெடிக்கும் என்பதும் நமக்கு முன்பே தெரிந்து, அவர்களுக்கு மட்டும் தெரியாவிட்டால் 15 நிமிடம் பதைபதைப்பு. உங்கள் படத்தில் குண்டு அந்த நிழல்தான். அதைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருக்கிறீர்கள். தூக்கி முன்னால் கொண்டுவாருங்கள். சுவரில் நிழல், உடனே தாழ்ப்பாளில் கை. நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அந்தக் கையை விட்டு நகராதீர்கள்.

கத்தியின் க்ளோஸ்-அப் வேண்டாம். அலறலும் வேண்டாம். இது ஆரம்பக் காட்சி. இவளை இங்கேயே கொன்றுவிட்டால் அடுத்த இரண்டு மணி நேரம் நான் யாரைப் பற்றிக் கவலைப்படுவது? (முதல் காட்சியிலேயே ஒரு கொலையோடு தொடங்கும் நல்ல படங்கள் உண்டு. ஆனால் அங்கே செத்தவரை விட்டுவிட்டு வேறொருவரின் கேள்வி உடனே தொடங்கிவிடும்.) தாழ்ப்பாள் நகரும் சத்தத்தோடு திரையைக் கறுப்பாக்கி டைட்டிலுக்குப் போங்கள். புதிதாக ஒரு ஷாட்டும் எடுக்க வேண்டாம். ரஷ்ஷில், அதாவது வெட்டாத மூலப் பதிவில், அந்தத் தாழ்ப்பாள் டேக் முழுசாக இருக்கும், தேடிப் பாருங்கள்.

இரவுக் காட்சியை ஃபோனில் எடுத்தோம். படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கிறது, சில ஷாட்டுகளில் வெளிச்சம் துடிக்கிறது. நல்ல கேமரா இருந்திருந்தால் சரியாகியிருக்குமா?
– ஒரு பள்ளி மாணவி

ஃபோனே போதும்மா. குறை வெளிச்சத்தில் இருக்கிறது. இருட்டைப் படம் பிடிக்கவும் வெளிச்சம் வேண்டும். அது போதாதபோது ஃபோன் தானாக ஐ.எஸ்.ஓ.வை, அதாவது வெளிச்சத்தை உணரும் திறனை, ஏற்றிக்கொள்ளும், புள்ளிகள் அப்படித்தான் வருகின்றன. அறை விளக்குகளை அணைத்துவிட்டு ஒரே ஒரு மேஜை விளக்கை முகத்துக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் பின்னால் தள்ளி வையுங்கள். விளக்கு முகத்துக்கு எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறதோ, பின்சுவர் அவ்வளவு இருண்டுபோகும், ஏனென்றால் தூரம் இரண்டு மடங்கானால் விழும் வெளிச்சம் நாலில் ஒரு பங்குதான். பிறகு எக்ஸ்போஷரையும் (படத்தின் வெளிச்ச அளவு) ஃபோகஸையும் லாக் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் யாராவது விளக்கைத் தாண்டி நடக்கும்போது படம் தானாக மங்கிப் பிரகாசமாகும்.

வெளிச்சம் துடிப்பது மின்சாரத்தின் வேலை. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் ஷட்டர் வேகம் 1/50 அல்லது 1/100 விநாடியில் இருக்கட்டும், 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60. விநாடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் அசைவும் இயல்பாகத் தெரியும். வெளியே எடுப்பதானால் நள்ளிரவுவரை காத்திருக்காதீர்கள். சூரியன் மறைந்ததும் வானத்தில் ஒரு நீல வெளிச்சம் கொஞ்ச நேரம் இருக்கும். அதில் எடுத்து, எடிட்டில் சற்று இருட்டாக்கினால் இரவுதான்.

பயமுறுத்தும் இசை ஒன்றை இணையத்திலிருந்து எடுத்து முதல் ஃப்ரேமிலிருந்து போட்டோம். ஆசிரியர் ‘ஓவர்’ என்று எழுதிவிட்டார். இசை இல்லாமல் த்ரில்லரா?

நான் உங்கள் ஆசிரியர் பக்கம். படம் இன்னும் எதையும் காட்டாதபோதே இசை ‘பயப்படு, பயப்படு’ என்று சொன்னால், பார்ப்பவர் உஷாராகிவிடுவார். உஷாரானவரைப் பயமுறுத்துவது ரொம்பக் கஷ்டம். தவிர, அனுமதி இல்லாத இசையோடு படத்தை வெளியே எங்கும் காட்ட முடியாது.

நான் மாணவியாக இருந்தபோது எடுத்த ஆரம்பக் காட்சியைச் சொல்கிறேன். ஒரு பெண் படுக்கையில் விழித்தபடி கிடக்கிறாள். வெளியே யாரோ பூட்டைத் திறக்கிறார்கள். அவ்வளவுதான் கதை. பூட்டின் ஷாட்டில் ஃபோகஸ் போய்விட்டது. திரும்ப எடுக்க அந்த வீடு கிடைக்கவில்லை. வேறு வழி தெரியாமல், ஒரு பூட்டிலிருந்து நாலு விரல் தூரத்தில் ரெக்கார்டரைப் பிடித்து, சாவி நுழைவது, அதன் பல் உள்ளே உரசுவது, பிறகு திரும்புவது என்று தனித்தனியாகப் பதிவு செய்தேன். அந்த ஒலியை அவள் முகத்தின் மேல் ஓடவிட்டேன். சாவி நுழைந்த பிறகு, திரும்புவதற்கு முன், ஒன்றரை விநாடி ஒன்றுமே இல்லை. அவள் கண் மட்டும் நகரும். திரையிட்டு முடிந்ததும் மூன்று பேர் தனித்தனியாக வந்து, ‘அந்தச் சாவி திரும்புகிற ஷாட் பிரமாதம்’ என்றார்கள். அப்படி ஒரு ஷாட் படத்திலேயே இல்லை. எடிட்டராக வேண்டும் என்று நான் முடிவு செய்தது அன்றைக்குத்தான்.

அதே படத்தில் ஒரு பெரிய தவறும் செய்தேன். அறையின் வெற்று ஒலியைப் பதிவு செய்யவில்லை. எந்த அறையும் முழு மௌனமாக இருக்காது. ஒரு மின்விசிறி, தூரத்து வண்டி, வெறும் காற்று என்று ஏதாவது ஓடிக்கொண்டேயிருக்கும். என் படத்தில் ஷாட் மாறும் ஒவ்வொரு வெட்டிலும் அந்த அடியொலி பட்டென்று மாறி, பார்ப்பவரைக் கதையிலிருந்து வெளியே இழுத்தது. அதனால் எந்த இடத்தில் எடுத்தாலும், எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி ஒரு நிமிடம் வெறும் ஒலியைப் பதிவு செய்யுங்கள். எடிட்டில் எல்லா வெட்டுகளுக்கும் அடியில் அதை விரித்துவிடலாம்.

அப்புறம் ஜே கட். அடுத்த ஷாட்டின் ஒலி, படத்துக்கு அரை விநாடி முன்பே வந்துவிடும். எடிட் மென்பொருளில் ஷாட்டுகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனில் ஒலித்துண்டு படத்துக்கு அடியில் இடது பக்கம் நீண்டு ஆங்கில ஜே எழுத்துபோலத் தெரிவதால் இந்தப் பெயர். காலடிச் சத்தம் முதலில், நடப்பவர் பிறகு. இதை இரண்டு இடத்தில் செய்து பாருங்கள். இசையைக் கடைசி 20 விநாடிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வில்லன் முகத்தை ஆரம்பத்திலேயே காட்டலாமா?

வேண்டாம். 1975ல் வந்த ‘ஜாஸ்’ படத்தின் முதல் தாக்குதலில் சுறா கண்ணில் படவே படாது. தண்ணீருக்கு மேலே அந்தப் பெண் இழுபடுவதை மட்டும்தான் பார்க்கிறோம். உங்கள் வில்லனுக்கு ஒரு கையோ, ஒரு மூச்சோ போதும்.

கட்டுரையில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எங்கள் குழுவில் ஒருவர் கேமராவைச் சரியாகக் கையாளவில்லை. அவர் எடுத்த ஷாட்டுகளில் திசை மாறி, பெண்ணும் பின்தொடர்பவரும் எதிரெதிரே வருவதுபோல் இருக்கிறது. இதை எழுதலாமா?
– பெயர் வேண்டாம்

தவறை எழுதுங்கள். ஆளைக் குற்றம் சொல்லாதீர்கள்.

நீங்கள் சொல்வது லைன் தாண்டிய தவறு. நடப்பவரின் பாதையை ஒரு கோடாக நினைத்துக்கொண்டால், கேமரா எப்போதும் அதற்கு ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும். அந்த 180 டிகிரிக்குள் எங்கே வேண்டுமானாலும் போகலாம். கோட்டைத் தாண்டினால், இடமிருந்து வலமாகப் போனவர் அடுத்த ஷாட்டில் வலமிருந்து இடமாகப் போவார். பின்தொடர்தல் சந்திப்பாக மாறிவிடும். நடுவில் நேர் முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோ எடுத்த ஒரு ஷாட் இருந்தால் அதைச் செருகுங்கள், உறுத்தாது. ஃப்ரேமில் எழுத்தோ கடிகாரமோ இல்லாவிட்டால் ஷாட்டையே இடம்வலமாகத் திருப்பிவிடலாம்.

எனக்கும் இது நடந்தது. என் முதல் கட்டுரையில், ஒளிப்பதிவு செய்த தோழிதான் லைனைத் தாண்டினாள் என்று எழுதினேன். கொடுத்த பிறகு ஸ்டோரிபோர்டை (ஷாட்டுகளை முன்கூட்டியே கட்டம் கட்டமாக வரைந்த தாள்) எடுத்துப் பார்த்தால், ஆறாவது கட்டத்தில் நானே கதையில் வரும் பெண்ணைத் தப்பான பக்கம் பார்க்க வரைந்திருக்கிறேன். தோழி நான் வரைந்தபடியே எடுத்திருக்கிறாள். அவளிடம் போய்ச் சொன்னேன். ‘எனக்கு அப்பவே தெரியும்’ என்றாள். எதையும் எழுதுவதற்கு முன்னால் உங்கள் ஸ்டோரிபோர்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

கட்டுரையில் நேரத்தைக் குறித்து எழுதுங்கள். ‘1.12ல் அவள் திரும்பும் ஷாட்டை மூன்று விநாடி வைத்திருந்தோம், பார்த்தவர்களில் இரண்டு பேர் அங்கே ஃபோனை எடுத்தார்கள், அடுத்த வெர்ஷனில் ஒன்றரை விநாடியாக்கினோம்’ – இப்படி. என்ன நினைத்து எடுத்தீர்கள், எடிட்டில் எது மாறியது, பார்த்தவர் முகத்தில் என்ன தெரிந்தது, இந்த மூன்றும் இருந்தால் கட்டுரை தானாக நிற்கும். ‘இந்த அனுபவம் எங்களுக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது’ என்ற வரி இருந்தால் அடித்துவிட்டு, என்ன கற்றுக்கொடுத்தது என்பதை அந்த இடத்தில் எழுதுங்கள். எடிட் செய்த முதல் வெர்ஷனை அழிக்காமல் தனியாகச் சேமித்து வையுங்கள். அதையும் கடைசி வெர்ஷனையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது எழுத நிறைய வந்துவிடும்.

டைட்டிலை எங்கே போடுவது? யார் பெயர் முதலில்?

1950களிலேயே டைட்டில் வடிவமைப்பாளர் சால் பாஸ் டைட்டிலைக் கதையின் முதல் காட்சியாக மாற்றிக் காட்டிவிட்டார். நீங்கள் இன்னும் வெள்ளை எழுத்தை நடுத்திரையில், நடிப்பவரின் முகத்தின் மேலேயே போடுகிறீர்கள். எடுக்கும்போதே எழுத்துக்கு இடம் விட்டு ஃப்ரேம் வையுங்கள். காலி நடைபாதை, பாதி திறந்த கதவு, கறுப்புச் சுவர் எல்லாம் அதற்குத்தான். மெதுவாக இரண்டு முறை படிக்கிற நேரம் திரையில் நிற்கட்டும். பதற்றம் உச்சத்தில் இருக்கும்போது எந்தப் பெயரும் வரக்கூடாது. கண் படிக்கப் போனால் பயம் விட்டுப்போகும். தயாரிப்பு நிறுவனம் முதலில், பிறகு நடிகர்கள், பிறகு தொழில்நுட்பக் கலைஞர்கள், இயக்குநர் பெயர் மரபுப்படி கடைசியில். நான்கு பேரும் சேர்ந்து இயக்கியிருந்தால் நான்கு பெயரையும் ஒரே கார்டில், ஒரே அளவு எழுத்தில் போடுங்கள்.