ஆறு வாரத்துக்கு வரும் பெற்றோருக்கு லீட்ஸில் எதைக் காட்டுவது?

கேள்வி: நானும் என் கணவரும் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வேலை பார்க்கிறோம். கும்பகோணத்திலிருந்து அப்பாவும் அம்மாவும் ஜூன் மாதம் முதல்முறையாக வருகிறார்கள். ஆறு வாரம் இருப்பார்கள். அப்பா கூட்டுறவு வங்கியில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவுக்கு முழங்கால் வலி. ஆங்கிலம் பேச வராது. இருவரும் சைவம். லண்டன், எடின்பரோ, ஏரிப் பகுதி என்று ஒவ்வொரு வார இறுதிக்கும் கணவர் திட்டம் போட்டுவிட்டார். எங்கள் ஊரில் என்று பார்த்தால் ஒரு பழைய சந்தையும் இடிந்துபோன மடாலயமும்தான் இருக்கின்றன. கோயில் நகரத்துக்காரர்களுக்கு அதில் பார்க்க என்ன இருக்கப்போகிறது?
– வாசகி, லீட்ஸ்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கணவர் போட்ட பட்டியலில் லண்டனை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுங்கள். லண்டனுக்கும் ரயிலில் போய் ஓர் இரவு தங்கி வாருங்கள். முழங்கால் வலியோடு வருகிறவரை வாராவாரம் மணிக்கணக்கில் காரில் உட்கார வைப்பது உபசாரம் ஆகாது.

வார இறுதியைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. திங்கள் முதல் வெள்ளி வரை நீங்கள் இருவரும் வேலைக்குக் கிளம்பிய பிறகு அவர்கள் என்ன செய்வார்கள்? பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போய்வந்த பெரியவர்கள் பலர் என்னிடம் சொல்லி வருந்துவது இந்தப் பகல்களைத்தான். ஜன்னலோரம் உட்கார்ந்து, மகள் திரும்பும் நேரத்துக்காகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது பெரிய கொடுமை. யாரையும் எதிர்பார்க்காமல் அவர்களாகவே போய்வர இரண்டு இடங்கள் வேண்டும். நீங்கள் அலட்சியமாகச் சொன்ன அந்த இரண்டு இடங்களே போதும்.

முதலில் கிர்க்கேட் சந்தை. வந்து இரண்டு நாள் தூங்கி எழுந்ததும் அம்மாவை அங்கே அழைத்துப் போங்கள். 1904இல் கட்டிய முன்மண்டபத்தில் நின்று அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். மேல்மாடத்தை வரிசையாகத் தாங்கி நிற்பவை இரும்பில் வார்த்த டிராகன்கள். கோயில் தூண்களில் யாளியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவை உடனே பிடித்துப்போகும். 1975இல் பெரும் தீ பிடித்துச் சந்தையின் பின்பகுதி எரிந்தபோதும் இந்த மண்டபம் தப்பியது.

அதே இடத்தில் ஒரு கதையும் சொல்லுங்கள். இன்று உலகம் அறிந்த மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் என்ற கடை நிறுவனம் 1884இல் இந்தச் சந்தையில் ஒரு சின்னக் கடையாகத்தான் தொடங்கியது. கடையைப் போட்ட மைக்கேல் மார்க்ஸ், இன்றைய பெலாரஸ் பகுதியிலிருந்து பிழைக்க வந்த யூதர். அவருக்கு ஆங்கிலம் சரியாக வராது. அதனால் ‘விலை கேட்காதீர்கள், எல்லாம் ஒரு பென்னி’ என்று எழுதி வைத்தார். பென்னி என்பது அந்த ஊர்ச் சில்லறைக் காசு. பேரமும் இல்லை, பேச்சும் தேவையில்லை. மொழி தெரியாத ஊரில் காய் வாங்கத் தயங்கும் அம்மாவுக்கு இதைவிடத் தைரியம் தரும் கதை கிடைக்காது.

கதையோடு நிறுத்தாமல், சில்லறையாகப் பத்துப் பவுண்டை அம்மா கையில் கொடுத்து, அன்றைய சமையலுக்கானதை அவரையே வாங்க விடுங்கள். நீங்கள் இரண்டடி தள்ளி நில்லுங்கள். வெளிச்சந்தையில் தக்காளி, குடைமிளகாய், வாழைப்பழம் எல்லாம் கிண்ணம் கிண்ணமாகக் குவித்து, கிண்ணத்துக்கு இவ்வளவு என்று விலை எழுதியிருப்பார்கள். விரலைக் காட்டினால் போதும், பையில் கொட்டித் தந்துவிடுவார்கள். பச்சை மிளகாய், வெண்டைக்காய், கொத்தமல்லிக்கட்டு எல்லாமே ஆசியக் கடைகளில் கிடைக்கும். இரண்டு விஷயங்களை மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அடுக்கி வைத்த பழத்தை அழுத்திப் பார்க்கக் கூடாது. விலையைக் குறைத்துக் கேட்கும் வழக்கமும் இல்லை. இறைச்சிக்கும் மீனுக்கும் தனித்தனி வரிசைகள் இருப்பதால் அந்தப் பக்கம் திரும்பாமலே வந்துவிடலாம். இரண்டாம் முறை அப்பாவும் அம்மாவும் மட்டும் பஸ்ஸில் போகட்டும். வீட்டு முகவரியையும் பஸ் எண்ணையும் ஒரு தாளில் எழுதி அப்பாவின் சட்டைப்பையில் வைத்துவிடுங்கள்.

அடுத்தது கிர்க்ஸ்டால் மடாலயம். ‘இடிந்த கட்டடம்’ என்று நீங்களே சொல்லி அழைத்துப் போனால் அவர்களும் அப்படித்தான் பார்ப்பார்கள். ஐர் நதிக்கரையில் 1152இல் சிஸ்டர்சியன் என்ற கிறிஸ்தவத் துறவிப் பிரிவினர் கட்டத் தொடங்கியது அது. நம் தாராசுரம் கோயிலும் அதே நூற்றாண்டுதான் என்று அப்பாவிடம் சொன்னால் அவர் நிமிர்ந்து பார்ப்பார். கூரை போய்விட்டாலும் தேவாலயச் சுவர்கள் பெரும்பாலும் முழு உயரத்துக்கு நிற்கின்றன. எல்லாம் கரடுமுரடான மணற்கல்தான்; ஆடம்பரம் கூடாது என்பது அந்தத் துறவிகளின் கொள்கை என்பதால் சிற்பங்களைத் தேட வேண்டாம்.

கட்டடக் கலையைவிட அங்கே இருந்தவர்களின் அன்றாடத்தைச் சொல்லுங்கள். நடுநிசி தாண்டியதும் எழுந்து, படுக்கைக் கூடத்திலிருந்து படியிறங்கி நேரே தேவாலயத்துக்குள் வந்து வழிபடுவார்கள். லீட்ஸ் இருக்கும் இந்த யார்க்ஷயர் வட்டாரத்தின் குளிரில், சமையலறையையும் நோயாளிகள் இருக்கும் இடத்தையும் விட்டால் குளிர்காய ஒரே ஒரு அறை. பேச்சைக் குறைத்துச் சைகையிலேயே காரியம் நடத்துவார்கள். விரதமும் மடி ஆசாரமும் அறிந்த அம்மாவுக்கு இதில் எதையும் விளக்க வேண்டியிருக்காது.

அப்பாவுக்குக் கணக்கு இருக்கிறது. இந்த மடம் ஆடு வளர்த்துக் கம்பளி விற்றுப் பிழைத்தது. 13ஆம் நூற்றாண்டில் பெருங்கடனில் சிக்கித் தவித்து, பிறகு மெல்ல மெல்ல மீண்டது. மடத்து நிலமும் குத்தகையும் தெரிந்த ஊர்க்காரர் அவர்; நீங்கள் கேட்காத கேள்விகளை எல்லாம் கேட்பார். 1539இல் எட்டாம் ஹென்றி மன்னர் மடங்களைக் கலைத்தபோது இதுவும் மூடப்பட்டது. கூரையின் ஈயத்தைக்கூடப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். பின்னொரு காலத்தில் பொதுச்சாலையே தேவாலயத்தின் நடுவே ஓடியது. ஆடுமாடுகள் அதன் வழியே போயின. 1779இல் கோபுரத்தின் ஒரு பகுதி சரிந்தது. 1889இல் கர்னல் நார்த் என்ற செல்வந்தர் வாங்கி நகருக்குக் கொடுத்த பிறகுதான் அதற்கு நல்ல காலம் வந்தது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிவிடாதீர்கள். முதல் நாள் சுற்றிவந்து புல்வெளியில் உட்கார்ந்தாலே போதும். கட்டுச்சோறு கொண்டுபோங்கள், தயிர்சாதமும் எலுமிச்சை ஊறுகாயும் அங்கே தனி ருசி. சாலைக்கு எதிர்ப்புறம் மடத்தின் பழைய நுழைவாயில் கட்டடம் அருங்காட்சியகமாக இருக்கிறது. மழை வந்தால் அங்கே ஒதுங்கி, விக்டோரியா காலத்துக் கடைத்தெருவைச் சுற்றிப் பார்க்கலாம். எல்லா நாளும் திறந்திருக்காது, கட்டண விவரமும் மாறும்; கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். மடாலயத்தின் உள்பகுதியை மூடிவிட்டாலும் சுற்றியுள்ள பூங்கா இருக்கிறது. ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் என்பதால், நீங்கள் வேலை முடிந்து வந்தும் அவர்களோடு நடக்கலாம். அம்மா செருப்போடு கிளம்பினால் தடுத்துவிடுங்கள். ஈரப்புல்லில் வழுக்கும், நல்ல பிடிப்புள்ள காலணி வேண்டும். ஜூன்தானே என்று ஸ்வெட்டரை வீட்டில் வைத்துவிட்டும் வராதீர்கள்.