படுத்த சிங்கமா, வாளேந்திய சிங்கமா?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் பழைய சாமான் கடை ஒன்றில் வெள்ளி நட்சத்திரம் ஒன்று வாங்கினேன். நடுவில் சிங்கம்; அதன் முதுகுக்குப் பின்னால் முகம் வைத்த சூரியன். பாரசீக மன்னர் கொடுத்த விருது என்கிறார் கடைக்காரர். நம்பலாமா? கறுத்துக் கிடக்கிறது, புளி போட்டுத் துலக்கலாமா?
- வாசகர், இராயபுரம்

பதில்: புளி வேண்டவே வேண்டாம். நடு வட்டத்தில் இருப்பது எனாமல் வேலை. அதன் கீறல்களுக்குள் புளிச்சாறு இறங்கினால் அடித்தகட்டை அரித்துவிடும், எனாமல் சில்லுச் சில்லாகப் பெயரும். உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், போதும். உரைகல்லில் உரைக்கவும் கொடுக்காதீர்கள், கதிர்நுனி தேய்ந்துவிடும்.

இனி சிங்கத்தைப் பாருங்கள். பாரசீகத்தை (இன்றைய ஈரான்) ஆண்ட கஜார் மன்னர்களின் ‘சிங்கமும் சூரியனும்’ விருதில், வழக்கமாக வெளிநாட்டவருக்குப் படுத்த சிங்கம். பாரசீகர்களுக்கு வாளேந்தி நிற்கும் சிங்கம். உங்களிடம் இருப்பது எது என்று நீங்கள் எழுதவில்லை. சிங்கம் சிவப்பாக இருந்தால் அது இந்த விருதே அல்ல. செஞ்சிலுவைக்கு ஈடாக ஈரானில் 1980 வரை இருந்த செஞ்சிங்க-சூரியச் சங்கத்தின் சின்னம்.

அடுத்து பின்பக்கம். விருது பெற்ற பலருக்கு அரச ஆணைதான் கைக்கு வரும். பதக்கத்தை அவர்களே நகை வேலைக்காரரிடம் செய்துகொள்வார்கள். அதனால்தான் ஒன்றைப்போல் இன்னொன்று இருப்பதில்லை. லென்ஸ் வைத்துத் தேடினால் கொக்கியிலோ ஓரத்திலோ கடுகளவு முத்திரை தெரியலாம். பன்றித்தலை என்றால் பாரிஸ் வேலை. ‘84’ என்றால் ரஷ்ய வேலை. 96 பங்கில் 84 பங்கு வெள்ளி. முத்திரை இல்லை என்பதற்காகப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். வார்ப்பு நகல்தான் கவலைக்குரியது: கதிர்களின் பட்டை விளிம்பு மழுங்கியிருக்கும், பள்ளங்களில் ஊசிமுனைத் துளைகள் இருக்கும். நல்ல வேலையில் பட்டைகள் கூர்மையாக வெட்டப்பட்டு, திருப்பினால் ஒவ்வொன்றாக மின்னும்.

நூறு ஆண்டு தாண்டியது என்று உறுதியானால் அது 1972 சட்டப்படி தொல்பொருள். வெளிநாட்டுக்கு விற்று அனுப்ப முடியாது.

கேள்வி: இந்த விருதுக்கும் நம்ம ஊருக்கும் சம்பந்தம் உண்டா?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: நன்றாகவே உண்டு. இதைப் பெற்றவர்களில் முக்கியமானவர் சர் ஜான் மால்கம். 1783-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேரச் சிறுவனாக இங்கே வந்து இறங்கியவர். பின்னாளில் பாரசீகத்துக்குத் தூது போனார். அங்கே கஜார் மன்னர் ஃபத் அலி ஷா கொடுக்க முன்வந்த ‘சூரியன்’ விருது முன்பே பிரெஞ்சுத் தூதர் கார்தானுக்குத் தரப்பட்டது என்பதால் மால்கம் அதை ஏற்கவில்லை. 1810-ல் ஷா அவருக்குச் சூரியனோடு சிங்கத்தையும் சேர்த்துக் கொடுத்தார்.