மாமியாருக்கு ஒரு பக்கம்

கேள்வி: அமெரிக்கக் குடிமகனாகிவிட்ட என் மகன், அங்கே ராணுவத் துறைக்கு வேலை செய்யும் கம்பெனி ஒன்றில் சேரப் போகிறான். அரசு ரகசியங்களைக் கையாள அனுமதி தரும் ‘செக்யூரிட்டி கிளியரன்ஸ்’ படிவத்தில் எங்கள் விவரத்தோடு, காஞ்சிபுரத்தில் இருக்கும் அவன் மாமியாரின் விவரத்தையும் கேட்கிறார்களாம். வெளிநாட்டுக் குடிமகனாகிவிட்ட இந்தியருக்கு நம் அரசு தரும் ஓசிஐ கார்டு வேறு வைத்திருக்கிறான். வேலை கிடைக்குமா? இப்படிக் கேட்பது அவமதிப்பு இல்லையா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மன்னார்குடி

பதில்: சம்பந்தியம்மாவையும் உங்களுக்குச் சரிசமமாக வைத்துக் கேட்டதுதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன்.

எஸ்எஃப்-86 என்ற அந்தப் படிவம் 100 பக்கத்துக்கு மேல். மாமியார் பிறந்த ஊர் எது, எந்த நாட்டுக் குடிமகள், அரசாங்கத்தோடோ ராணுவத்தோடோ தொடர்பு உண்டா, கடைசியாக எப்போது பேசினீர்கள், போனிலா நேரிலா, தினமுமா, வாரம் ஒரு தரமா, வருஷம் ஒரு தரமா? ‘தினமும்’ என்று டிக் அடித்தால் வாஷிங்டனுக்குச் சந்தேகம். ‘வருஷம் ஒரு தரம்’ என்று அடித்தால் காஞ்சிபுரத்துக்குக் கோபம். காலையில் வாட்ஸ்அப்பில் வரும் ரோஜாப்பூ வணக்கம் எந்தக் கணக்கில் சேரும்? சித்தப்பாவுக்கும் ஒன்றுவிட்ட அத்தைக்கும் அங்கே கட்டம் இல்லையே என்று நிம்மதி வேண்டாம். பாசமோ கடமையோ உள்ள வெளிநாட்டவர் எல்லாரும் அடுத்த பகுதியில் வந்து உட்கார்ந்துகொள்வார்கள்.

இங்கே என் பழைய சண்டை ஒன்று. இனிஷியலை விரித்து அப்பா பெயரை ‘சர்நேம்’ ஆக்காதீர்கள் என்று இந்தப் பக்கத்தில் கத்திக்கொண்டே இருக்கிறேன், யார் கேட்டீர்கள்? தாத்தாவுக்கு ஒரு சர்நேம், அப்பாவுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று. மூன்று தலைமுறையாகத் தலைமறைவாக வாழும் குடும்பம் என்று விசாரணை அதிகாரி எழுதிக்கொள்ளப் போகிறார்.

சரி, வேலை விஷயம். அமெரிக்கக் குடியுரிமை வேண்டும்; இருக்கிறது. ஓசிஐ என்பது குடியுரிமையே அல்ல. அதை வைத்துக்கொண்டு இங்கே ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. நிஜமான இரட்டைக் குடியுரிமைகூட 2017-இல் வந்த அமெரிக்க விதிகளின்படி அதனாலேயே தகுதிக் குறைவு ஆகாது. 2000-இல் வெளிநாட்டு பாஸ்போர்ட்டை ஒப்படைத்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர்கள்தான், இப்போது இறங்கி வந்திருக்கிறார்கள். ஊரில் இருக்கும் உறவை வைத்து இவனை மிரட்டவோ வளைக்கவோ முடியுமா என்பதுதான் அவர்கள் கவலை. கார்டையும் மாமியாரையும் மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள். மறைத்து மாட்டிக்கொண்டால் வேலையை மறந்துவிட வேண்டியதுதான்.

அவமதிப்பா என்கிறீர்கள். மாமியார் பேரைச் சொன்னதும் நம்பியவர்கள் கதையைக் கேளுங்கள். ஆல்ட்ரிச் ஏம்ஸ் என்று ஒரு சிஐஏ அதிகாரி, 1985 முதல் மாஸ்கோவுக்கு ரகசியம் விற்றவர். 5,40,000 டாலர் வீட்டை மொத்தப் பணமும் கொடுத்து வாங்கினார். ஜாகுவார் காரில் ஆபீசுக்கு வந்தார். ஏது இவ்வளவு பணம் என்றதற்கு, ‘கொலம்பியாவில் என் மாமியார் வீடு வசதி’ என்றார். நம்பிவிட்டார்கள்! பொய் கண்டுபிடிக்கும் கருவியும் 1986, 1991 இரண்டு முறையும் அவரைப் பாஸ் போட்டு அனுப்பியது. 1994-இல்தான் கைது.

இப்படி எழுதி வாங்கிப் பூட்டிவைத்த விவரங்களும் களவு போனதாக 2015-இல் அமெரிக்க அரசே ஒப்புக்கொண்டது. 2 கோடியே 15 லட்சம் பேருடையது. 56 லட்சம் பேரின் கைரேகை உட்பட. சந்தேகம் சீனா மேல். அதில் எத்தனை மாமியார்கள் என்று மட்டும் யாரும் கணக்குச் சொல்லவில்லை.