0.5 அனுப்பினால் 1056964608 வருவது ஏன்?

வணக்கம். பியூர் டேட்டா என்ற இசை நிரலாக்க மென்பொருளிலிருந்து, கருவிகளுக்கிடையே செய்தி அனுப்பும் ஓஎஸ்சி நெறிமுறை வழியாக 0.5 அனுப்பினால், ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் நீங்கள் சி மொழியில் எழுதிய நிரலில் 1056964608 என்றும், 1 அனுப்பினால் 1065353216 என்றும் வருவதாகவும், வைஃபையே எண்களைச் சிதைப்பதாக ஐயப்படுவதாகவும் எழுதியிருந்தீர்கள். ஒவ்வொரு முறையும் அதே தவறான எண் வருவதால் வைஃபை மீது குற்றமில்லை. ஓஎஸ்சி செய்தியைச் சுமந்து செல்லும் யுடிபி என்ற வலையமைப்பு நெறிமுறையில் தரவுப் பொட்டலம் தொலையலாமே தவிர, எண் இப்படி ஒழுங்காக மாறாது.

0.5 என்ற தசம எண்ணின் 32 பிட்டுகளை முழு எண்ணாகப் படித்தால் கிடைப்பதுதான் 1056964608. பியூர் டேட்டாவில் எல்லா எண்களும் தசம எண்களே என்பதால், நீங்கள் 1 என்று எழுதியும், மதிப்பு எவ்வகை என்று செய்தியில் சொல்லும் வகைக்குறி, தசம எண்ணுக்கான 'எஃப்' ஆகத்தான் சென்றிருக்கிறது. உங்கள் நிரலோ அதைப் பாராமல் முழு எண்ணுக்கான 'ஐ' என்று எடுத்துக்கொள்கிறது. பைட் வரிசையை நீங்கள் சரியாகவே திருப்பியிருக்கிறீர்கள். அதன்பின் அந்த மதிப்பை ஃப்ளோட்டாக (சி மொழியின் தசம எண் வகை) வகைமாற்றம் செய்யாதீர்கள், அதே பெரிய எண்தான் வரும். திருப்பிய அந்த நான்கு பைட்டுகளையும், நினைவகத்தை நகலெடுக்கும் மெம்காப்பி என்ற செயற்கூறு கொண்டு ஒரு ஃப்ளோட் மாறிக்குள் அப்படியே நகலெடுங்கள்.

பெங்களூர் அல்சூரில் ஒரு நிகழ்ச்சிக்கு ஒத்திகை பார்த்தபோது, இதைத் திருத்திய பிறகும் மூன்று மதிப்புகளைச் சேர்த்து அனுப்பினால் மட்டும் எனக்குப் பிழை வந்தது. வகைக்குறிச் சரத்தின் தொடக்கத்தில் வரும் காற்புள்ளியும் மூன்று 'எஃப்'களும் நான்கு பைட்டுகள். முடிவில் சுழிய பைட் கட்டாயம், நீளமும் நான்கின் மடங்காக இருக்க வேண்டும் என்பதால் அந்தச் சரம் எட்டு பைட்டுகளாக நீள்கிறது. உங்கள் நிரல் நான்கோடு நிறுத்திவிட்டால் முதல் மதிப்பு 0 ஆகவும், மற்றவை ஓரிடம் தள்ளியும் வரும். அதையும் பார்த்துவிடுங்கள்.