எந்த வேரியபிளை எடுக்கறது, எதை விடறது?

கேள்வி: எம்.ஏ. சோசியாலஜி படிக்கறேன் மேடம். தேசிய குடும்பநல சர்வே, 2019-21 டேட்டா டவுன்லோடு பண்ணிட்டேன். தமிழ்நாட்டுப் பெண்களோட ரத்தசோகைக்கும் படிப்பு, வசதி, சாதிக்கும் என்ன தொடர்புன்னு பாக்கணும். ஆயிரக்கணக்குல வேரியபிள் (வயசு, படிப்பு மாதிரி ஒவ்வொரு தகவலும்) இருக்கு, தலை சுத்துது. குடும்ப வன்முறையையும் சேத்துக்கலாமா?
- ஒரு மாணவி, திருநெல்வேலி

பதில்: முதல்ல ஃபைலை மூடி வைங்கம்மா. ரிசல்ட்ல என்ன டேபிள் வரணுமோ அதை நம்பர் இல்லாம வெறுமனே பேப்பர்ல வரைங்க, அதுல இடம் இல்லாத வேரியபிள் உங்களுக்கு வேண்டாம். இன்ட்ரஸ்டிங்கா இருக்கேன்னு இழுத்துப் போட்டா முடிவே இருக்காது.

டேபிள்ல வராட்டியும் எடுத்தே ஆகவேண்டியது சிலது இருக்கு, பலரும் கோட்டை விடறது இங்கதான். டேட்டா ஃபைல்ல இருக்கற கோடு பேராலயே சொல்றேன்: கேஸ்ஐடி (ஒவ்வொரு பெண்ணுக்கும் உள்ள அடையாள எண்), வி001 (கிளஸ்டர், அதாவது சர்வேக்குத் தேர்ந்தெடுத்த ஊர் அல்லது பகுதி), வி021 (சாம்பிள் எடுத்த முதல் அலகு), வி023 (சாம்பிளைப் பிரிச்ச அடுக்கு), அப்புறம் வெயிட் வி005 (ஒவ்வொருத்தர் பதிலுக்கும் கணக்குல எவ்வளவு எடைங்கறது). அந்த வெயிட்டை பத்து லட்சத்தால வகுத்துட்டுதான் யூஸ் பண்ணணும். மாநிலம் வி024, படிப்பு வி106, வசதி வி190. எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி.ங்கற சாதிப் பிரிவு 'வி' வரிசையில கிடைக்காது, இந்தியாவுக்குன்னு தனியா கேட்ட கேள்வியெல்லாம் 'எஸ்'ல ஆரம்பிக்கும், அங்க தேடுங்க.

ரத்தசோகைக்கு வி457 எடுத்தா லெவல் பிரிச்சே வந்துடும். ஹீமோகுளோபின் அளவே வேணும்னா வி456, அதுல 118னு இருந்தா டெசிலிட்டருக்கு 11.8 கிராம்னு அர்த்தம், ஆனா 990க்கு மேல வர்றது அளவே இல்ல, டெஸ்டுக்கு ஒத்துக்கல, வீட்டுல இல்லங்கற மாதிரி கோடு, அதை நீக்காம சராசரி போட்டா எல்லாரும் ஆரோக்கியமா தெரிவாங்க! நீங்களே பிரிக்கறதா இருந்தா வி213-ம் (இப்ப கர்ப்பமா) வேணும், ஏன்னா இந்த சர்வே கணக்குல கர்ப்பிணிக்கு 11க்குக் கீழ, மத்தவங்களுக்கு 12க்குக் கீழ போனாதான் ரத்தசோகை.

வன்முறையை இந்த ஆய்வுல சேக்காதீங்கன்னுதான் சொல்வேன். சர்வேல பேசின 7,24,115 பெண்கள் எல்லார்கிட்டயும் அதைக் கேக்கல, தேர்ந்தெடுத்த சில வீடுகள்ல, வீட்டுக்கு ஒருத்தர்கிட்ட மட்டும், அதுவும் தனியா பேச முடிஞ்சா மட்டும்தான் கேட்டாங்க. அதுக்கு வெயிட்டே வேற, டி005. ரெண்டையும் ஒரே மாடல்ல போட்டா உங்க சாம்பிள் சட்டுனு சுருங்கிடும், மிஞ்சினவங்களும் வேற கூட்டம். அது ரொம்ப முக்கியமான விஷயம், அதனாலயே அதுக்குன்னு தனியா ஒரு ஆய்வு பண்ணுங்க.

ஒவ்வொரு வேரியபிளை எடுக்கும்போதும் ரிப்போர்ட் பின்னாடி இருக்கற கேள்வித்தாளைத் திறந்து, இந்தக் கேள்வியை யார்கிட்ட கேட்டாங்க, யாரைத் தாண்டிப் போனாங்கன்னு பாத்துடுங்க. லேபிளை மட்டும் நம்பாதீங்க.