ரோஸ் நிறம் எங்கே போச்சு? பெர்ரி பானங்கள்: வாசகர் கேள்வி பதில்

விருந்தாளிகளுக்கு ஸ்ட்ராபெரி மாக்டெயில் செய்தேன். ஹோட்டலில் தருவதுபோல் தெளிவாக வராமல் கஞ்சி மாதிரி ஆகிவிட்டது. சரியான அளவு சொல்லுங்களேன்.
– வாசகி, கோவை

பழம், சர்க்கரை, ஐஸ் மூன்றையும் ஒன்றாக மிக்ஸியில் போட்டு ஓட்டியிருப்பீர்கள். அப்படிச் செய்தால் கஞ்சிதான் வரும். பழச்சாற்றைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, மற்றதை டம்ளரில்தான் சேர்க்க வேண்டும்.

நான்கு பேருக்குக் கால் கிலோ ஸ்ட்ராபெரி போதும். உள்ளே வெள்ளையாக இருக்கும் பழத்தை வாங்காதீர்கள். பறித்த பிறகு ஸ்ட்ராபெரி பழுக்காது; வீட்டில் இரண்டு நாள் வைத்தால் அழுகத்தான் செய்யும். முதலில் கழுவி, பிறகு காம்பைக் கிள்ளுங்கள். காம்பைக் கிள்ளிவிட்டுக் கழுவினால் அந்தக் குழி வழியாகத் தண்ணீர் ஏறிப் பழம் சப்பென்று ஆகிவிடும். நான்காக நறுக்கி, 60 கிராம் சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் தூவிப் பிசிறி, மூடி, ஃப்ரிட்ஜில் 40 நிமிடம் வையுங்கள். சர்க்கரை பழத்திலிருந்து நீரை இழுத்துவிடும். கிண்ணத்தின் அடியில் சிவப்பாகப் பாகு தேங்கி நிற்கும். அடுப்பே வேண்டாம். கொதிக்க வைத்தால் நிறம் செங்கல் போலாகி, ஜாம் வாசனை வந்துவிடும்.

ஊறிய பழத்தைக் கரண்டியின் முதுகால் மசித்து, ஸ்டீல் வடிகட்டியில் அழுத்தி எடுங்கள். ஏறக்குறைய 200 மி.லி. கிடைக்கும். மிக்ஸிதான் வசதி என்றால் விப்பரில் இரண்டே சுற்று. அதற்கு மேல் ஓடினால் விதை அரைபட்டுக் கசக்கும்.

300 மி.லி. டம்ளரில் விளிம்பு வரை ஐஸ் போட்டு, 50 மி.லி. பழச்சாறு, 15 மி.லி. எலுமிச்சைச் சாறு விட்டு நன்றாகக் கலக்குங்கள். கடைசியாக 120 மி.லி. சோடா. அதை ஊற்றியபின் நீண்ட ஸ்பூனால் அடியிலிருந்து ஒரே ஒரு முறை தூக்கிவிட்டால் போதும். ருசி பார்ப்பதை ஐஸ் போட்ட பிறகு செய்யுங்கள். குளிர்ந்தால் இனிப்பு குறைந்து தெரியும். அறைச் சூட்டில் சரியாக இருந்தது டம்ளரில் புளிக்கும். ஐஸைக் குறைத்துப் போடுவது சிக்கனமும் இல்லை. கொஞ்சம் ஐஸ் சீக்கிரம் உருகிப் பானத்தை நீர்க்க வைக்கும்; நிறையப் போட்டால் மெதுவாகத்தான் உருகும்.

நாவல் பழச்சாறு எடுக்கும்போது அழகான ரோஸ் கலந்த ஊதா. போர் தண்ணீர் ஊற்றியதும் மங்கி நீலம் பாய்ந்துவிட்டது. குடிக்கலாமா?
– வாசகர், சேலம்

தண்ணீர் குடிக்கக் கூடியது என்றால் தாராளமாகக் குடிக்கலாம், கெடவில்லை. நாவல், ஸ்ட்ராபெரி, மல்பெரி எல்லாவற்றுக்கும் நிறம் தருவது ஆந்தோசயனின் என்ற நிறமி. புளிப்பில் அது சிவக்கும்; புளிப்பு குறையக் குறைய ஊதாவாகி, காரத்தன்மை கூடினால் நீலமாகும். போர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள் பழத்தின் புளிப்பை முறித்துவிட்டன, அவ்வளவுதான். ஒரு மூடி எலுமிச்சை பிழிந்து பாருங்கள், கண்ணெதிரே நிறம் திரும்பும். அடுத்த முறை எலுமிச்சையை முதலில் விட்டுவிட்டு, வடிகட்டிய தண்ணீர் சேருங்கள்.

நாவலுக்கு இன்னொரு தொல்லை அதன் துவர்ப்பு. நாக்கை இழுத்துப் பிடிக்கும் அந்தத் துவர்ப்பு பழத்திலிருக்கும் டானின் என்ற பொருளால் வருவது. சர்க்கரையை அள்ளிப் போட்டால் இனிப்பும் துவர்ப்பும் தனித்தனியாகத்தான் நிற்கும். கால் கிலோ கொட்டை நீக்கிய சதைக்குக் கால் டீஸ்பூன் இந்துப்பு, 40 கிராம் சர்க்கரை போடுங்கள். கொட்டையோடு மசிக்கவே கூடாது. இரும்புச் சட்டி, துருப்பிடித்த கத்தி இரண்டையும் ஒதுக்குங்கள். டானினும் இரும்பும் சேர்ந்தால் கருத்துவிடும்.

சோடா ஊற்றியதும் பொங்கி மேசையெல்லாம் வழிகிறது. குடிக்கும்போது பார்த்தால் கேஸே இல்லை.
– வாசகி, மதுரை

பொங்கி வழிந்த நுரையோடு கேஸும் போய்விட்டது. சோடாவின் கேஸான கரியமில வாயு குளிர்ந்த நீரில் நன்றாகக் கரைந்திருக்கும், சூடானால் வெளியேறும். சோடா பாட்டிலை முந்தின இரவே ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஐஸ் இருக்கிறதே என்று வெளியிலிருந்த சோடாவை ஊற்றாதீர்கள். வடிகட்டாத பழத்தின் நாரும் விதையும் இன்னொரு காரணம். ஒவ்வொரு துணுக்கின் மேலும் குமிழி பிறக்கும். டம்ளரைச் சாய்த்து ஓரமாக ஊற்றுங்கள். சோடாவை ஷேக்கரிலோ மூடிய பாட்டிலிலோ போட்டுக் குலுக்க மட்டும் வேண்டாம், மூடி பறக்கும்.

மே மாதத்தில் நல்ல ஸ்ட்ராபெரி கிடைப்பதில்லை. ஃப்ரோசன் வாங்கலாமா?
– வாசகர், சென்னை

பானத்துக்கு அது குறைச்சலே இல்லை. உறையும்போது பழத்தின் செல்கள் உடைவதால், உருகியதும் சாறு தானாகவே இறங்கும். தட்டில் வைத்துச் சாப்பிடத்தான் கொழகொழப்பாக இருக்கும். பாக்கெட்டில் சர்க்கரை சேர்த்திருக்கிறார்களா என்று பார்த்து அளவைக் குறையுங்கள். உருகி வழிந்த சாற்றைக் கொட்டிவிடாதீர்கள், ருசியே அதில்தான்.

ஜின் சேர்த்து பெர்ரி காக்டெயில் ஒன்று சொல்லுங்கள். பார் சாமான் எதுவும் இல்லை.
– வாசகர், பெங்களூரு

பிராம்பிள் செய்யுங்கள். 1980களில் லண்டனில் டிக் பிராட்செல் என்ற பார்டெண்டர் உருவாக்கியது. பிளாக்பெரி முள்புதருக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். ஜின் 50 மி.லி., எலுமிச்சைச் சாறு 25, சர்க்கரைப் பாகு 12.5, மேலே விட கிரெம் த மூர் என்ற பிளாக்பெரி லிக்கர் (இனிப்பான பழ மது) 15 மி.லி. பாகுக்குச் சர்க்கரையும் தண்ணீரும் சம எடை. கரைந்தால் போதும், கம்பிப் பதம் வேண்டாம்.

ஷேக்கருக்குப் பதில் அகன்ற வாய் ஜாம் பாட்டில். லிக்கர் தவிர மற்றதை ஐஸோடு 10 விநாடி குலுக்கி, நொறுக்கிய ஐஸ் நிறைந்த குட்டை டம்ளரில் வடியுங்கள். ஐஸைத் துணியில் மூட்டை கட்டிச் சப்பாத்திக் கட்டையால் தட்டினால் நொறுங்கும். லிக்கரைக் கடைசியில் மேலாக விட்டால் கனத்தால் கோடு கோடாக இறங்கும். கிடைக்கவில்லையா? ஆறு பிளாக்பெரியோ கனிந்த மல்பெரியோ மசித்து, 15 மி.லி. பாகில் கலந்து வடிகட்டி விடுங்கள். மல்பெரிக்குப் புளிப்பு குறைவு, பாகை ஒரு டீஸ்பூன் குறைக்கலாம்.

புளிப்பும் இனிப்பும் மதுவை மறைத்துவிடும். 42.8 சதவீத ஜின்னில் 50 மி.லி. என்றால் சுமார் 17 கிராம் ஆல்கஹால். மது உடம்பின் நீரையும் வெளியேற்றும் என்பதால், மத்தியான வெயிலில் ஒன்றோடு நிறுத்தி, கூடவே ஒரு சொம்பு தண்ணீர் குடியுங்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

சப்ஜா போடலாமா? பால்?
– வாசகி, திருச்சி

சப்ஜாவை வெறும் தண்ணீரில் 15 நிமிடம் ஊற வைத்துப் பிறகு சேருங்கள். டம்ளருக்கு ஒரு டேபிள்ஸ்பூன் ஊறிய சப்ஜா போதும், அதிகமானால் ஸ்ட்ராவை அடைக்கும். எலுமிச்சை சேர்த்த பானத்தில் பால் விட்டால் திரிந்துவிடும்.