லண்டனில் எத்தனை வீட்டுக்குப் போவது?

அன்பின் அண்ணா,

ஆகஸ்ட்டில் பிள்ளைகளோடு இரண்டு கிழமை லண்டன் போகிறோம். ஹரோவில் என் தமையன் வீட்டில் தங்குவோம். மகனுக்கு 15 வயது, ஆர்சனல் ஃபுட்போல் கிளப் என்றால் பைத்தியம். மகளுக்கு 13, எந்த நேரமும் படம் கீறிக்கொண்டிருப்பாள். இவர் ஒரு நாளைக்கு நாலு இடம் என்று எக்செல்லில் அட்டவணை போட்டுவிட்டார் (இணைத்திருக்கிறேன்). சொந்தக்காரர் வீடுகள், மாமி நேர்ந்த ஹைகேற் முருகன் கோயில் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. அதைப் பார்த்த மகன், “நான் அம்மம்மாவோட வெள்ளவத்தையிலயே நிக்கிறன், நீங்கள் போட்டு வாங்கோ” என்கிறான். மகள் வாயே திறக்கிறாளில்லை. என்ன செய்யலாம்?

— வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி

அன்பின் வாசகிக்கு,

மகன் பக்கம் நியாயம் இருக்கிறது. அட்டவணையில் மூன்றாம் நாளைப் பாருங்கள். மத்தியானச் சாப்பாடு ஈஸ்ட் ஹாமில், பின்னேரத் தேத்தண்ணி குரொய்டனில், இரவு திரும்ப ஹரோ. எல்லாமே லண்டன்தான். ஆனால் ஹரோ வடமேற்கு மூலை, ஈஸ்ட் ஹாம் கிழக்கு, குரொய்டன் தெற்கு. குரொய்டனுக்கு ட்யூப் என்கிற சுரங்க ரயில் போவதே இல்லை. ஒவ்வொரு பயணமும் ஒரு மணித்தியாலத்தை விழுங்கும். பிள்ளைகள் அன்றைக்குப் பார்க்கப்போவது ரயில் ஜன்னலையும் சொந்தக்காரர் வீட்டு சோஃபாக்களையும். ஒவ்வொரு சோஃபாவிலும் அதே விசாரணை: ஓ/எல் சோதனை எப்ப? என்ன படிக்கப்போறாய்? ஏன் இப்படி மெலிஞ்சு போனாய்?

போகாமல் விடமுடியாது, தெரியும். ஒரு வீட்டுக்குப் போய் இன்னொரு வீட்டை விட்டால், நீங்கள் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்க முன்னமே அந்தக் கதை வெள்ளவத்தைக்கு வந்துவிடும். அதனால் ஒரேயொரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் தமையன் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். செலவு உங்களுடையதாக இருக்கட்டும். மச்சாளைக் குசினிக்குள் அடைக்காமல், ஈஸ்ட் ஹாமிலிருந்து வருகிறவர்களிடம் கொத்தும் ரோல்ஸும் கட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். நடக்க ஏலாத பெரியம்மா யாரும் இருந்தால் அவரை மட்டும் நேரில் போய்ப் பாருங்கள்.

மிச்ச நாட்களுக்கு, “எங்கே போக விருப்பம்?” என்று பிள்ளைகளிடம் கேட்காதீர்கள். “எங்கயெண்டாலும்” என்றுதான் பதில் வரும். ஆளுக்கு இரண்டு நாளைக் கையில் கொடுத்துவிடுங்கள். எப்படிப் போவது, எப்போது வெளிக்கிடுவது, எங்கே சாப்பிடுவது, அன்றைய காசு எல்லாம் அவர்கள் பொறுப்பு. நீங்கள் இரண்டு பேரும் பின்னால் நடங்கள். பிழையான ரயிலில் ஏறினாலும் வாய் திறக்கக்கூடாது. எக்செல் போட்ட மனிதருக்கு இது லேசாக இருக்காது.

ஓர் உதாரணம். அட்டவணையில் கோயில் ஒரு நாள், ஆர்சனல் மைதானம் இன்னொரு நாள். முருகன் இருப்பது ஆர்ச்வே ரோட்டில். கும்பிட்டு வெளியே வந்து, லண்டன் பிரிட்ஜ் போகிற 43ஆம் இலக்க பஸ்ஸில் மேல்தட்டில் ஏறினால் அது ஹொலோவே ரோட் வழியாகத்தான் போகும். அங்கிருந்து ஆர்சனலின் எமிரேட்ஸ் மைதானம் நடக்கிற தூரம். மாமியின் நேர்த்தியும் மகனின் நேர்த்தியும் ஒரே நாளில் தீர்ந்துவிடும். அன்றைக்கு மட்ச் இருக்கிறதா என்று மட்டும் முதலே பார்க்கட்டும். லண்டன் பஸ்ஸில் 2014இலிருந்து காசு வாங்குவதில்லை, கார்ட்தான். பிள்ளைகளுக்கு ஓய்ஸ்டர் என்கிற பயணக் கார்ட் வாங்கி, ட்யூப் நிலையத்தில் நிற்கிற ஊழியரிடம் ‘யங் விசிட்டர்’ சலுகையைப் போடச் சொல்லுங்கள். 11 முதல் 15 வயது வரை பெரியவர் கட்டணத்தில் பாதி. 14 நாளுக்குச் செல்லும். உங்கள் பயணத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி.

மகளை பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கூட்டிப்போங்கள். அனுமதி இலவசம் என்பதால் முழுவதையும் பார்த்துத் தீர்க்கவேண்டிய கட்டாயம் இல்லை. 33ஆம் அறையில் தாரா என்ற பௌத்த தெய்வத்தின் சிலை நிற்கிறது. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட பகுதியில் கிடைத்த, பொன்முலாம் பூசிய வெண்கலச் சிலை. உயரம் 143 சென்டிமீற்றர், அனேகமாக உங்கள் மகளைவிடக் கொஞ்சம் கட்டை. உயர்ந்த முடியில் வெறுமையாக இருக்கும் குழிகளில் ஒரு காலத்தில் கற்கள் பதித்திருந்ததாகக் கருதுகிறார்கள். படம் கீறுகிற பிள்ளைக்கு அந்தக் குழிகள் கண்ணில் படும். பென்சிலும் கொப்பியும் கொடுத்து, ஒரு மணித்தியாலம் அவளை அங்கேயே விடுங்கள். எங்கள் ஊர்ச் சிலை இங்கே என்ன செய்கிறது என்று கேட்பாள். 1830இல் அதை மியூசியத்துக்குக் கொடுத்தவர், 1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்தபோது இலங்கையில் பிரிட்டிஷ் ஆளுநராக இருந்த ரொபர்ட் பிரவுன்றிக். மிச்சத்தை நீங்கள்தான் சொல்லவேண்டும்.

முதல் நாள் ஒன்றும் போடாதீர்கள். ஆகஸ்ட்டில் லண்டன் எங்களைவிட நாலரை மணித்தியாலம் பின்னால். பிள்ளைகள் விடிய 4 மணிக்கே பசி என்று எழும்புவார்கள், பின்னேரம் 6 மணிக்குத் தூங்கி விழுவார்கள்.

போக முன்னம் இங்கேயே ஒரு ஒத்திகை பாருங்கள். ஸ்கூல் வானிலும் பிக்மீ டாக்ஸியிலும் வளர்ந்த பிள்ளைகள் என்றால் கட்டாயம். வெள்ளவத்தையில் ரயில் ஏறிக் கோட்டைக்குப் போய், புறக்கோட்டையில் ஏதாவது வாங்கிக்கொண்டு, 100ஆம் இலக்க பஸ்ஸில் காலி வீதியால் திரும்பி வரட்டும். நீங்கள் இல்லாமல். வழி பார்க்க ஃபோனை எடுத்தால் சுவரோரம் ஒதுங்கி நின்று பார்க்கவும் பழக்குங்கள். லண்டனில் ஸ்கூட்டரில் வந்து பறித்துக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாக, பிள்ளைகளின் பாஸ்போர்ட்டுகளை இன்றைக்கே எடுத்துத் திகதியைப் பாருங்கள். உங்களுடையது 10 வருடத்துக்கு இருக்கும். 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு 3 வருடம்தான். விசாவுக்கும் ஆளாளுக்குத் தனி விண்ணப்பம். பிறப்புச் சான்றிதழ் தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் உறுதிப்படுத்திய ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். பாஸ்போர்ட் புதுப்பிக்க இருந்தால், பத்தரமுல்லை பாஸ்போர்ட் அலுவலக வேலை முடிந்த பிறகு டிக்கெட் போடுங்கள்.